பரண் மிளகாய்

குய்சோவில் எங்கள் மலைப்பக்கம்
மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால்
நான்காம் நாள் எல்லோரும் அதைப் பற்றியே பேசுவார்கள்.
அறுப்புக் காலத்தில் அந்தப் பேச்சுக்கும் வழியில்லை.
மிளகாய் காய வேண்டும், சோளம் காய வேண்டும்,
ஆகவே அடுப்புக்கு மேலே பரண்,
அடுப்புக்கு நிலக்கரி.

கரி வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது,
பன்றித் தொழுவத்தைத் தாண்டி இருபது அடி.
நான்தான் தோண்டினேன்.
காசில்லை, வண்டிக் கூலியில்லை,
கடப்பாரைக்குப் பளபளவென்று உடைந்து வரும்.
யுன்ஷியாங்கைப் பெண் கேட்கப் போனபோது
அவள் அப்பாவிடம் நான் சொன்ன ஒரே பெருமை:
"என் வீட்டில் இவளுக்குக் குளிராது."

குளிரவில்லை.
புகைபோக்கி இல்லாத அடுப்பு, சாத்திய கதவு,
இருபத்தாறு குளிர்காலம்.

முதலில் பாதத்தில் வந்தது.
கால் ஆணி என்று நினைத்தோம்.
மலை ஏறுகிறவர்களுக்கு ஆணி புதிதா?
வெந்நீரில் ஊறவைத்துச் சவரக் கத்தியால் சீவிவிட்டேன்.
அப்புறம் உள்ளங்கையில்.
உள்ளங்கையால் யாரும் நடப்பதில்லை.

சோளமணி சோளமணியாக, தொட்டால் கரகரவென்று.
பட்டு நூல் கோக்கப் போனால் நூல் பிசிறியது.
என் முதுகு சொறிய இந்தக் கையே போதும் என்று
ஒரு கிண்டல் செய்தேன்.
அவளும் சிரித்தாள்.

அவள் முதுகை நான் மட்டும்தான் பார்த்தேன்.
கறுத்த தோலில் வெளுத்த புள்ளிகள்,
புழுதியில் நாலு தூறல் போட்டு நின்றுவிட்டதுபோல.
சொல்லவில்லை.
தன் முதுகைப் பார்க்க முடியாதவளிடம்
என்னவென்று சொல்வது.

புது அடையாள அட்டைக்கு நகரத்துக்குப் போனோம்.
கண்ணாடி மேல் கட்டைவிரலை வைக்கச் சொன்னாள்
அங்கே உட்கார்ந்திருந்த பெண்.
வைத்தாள். துடைத்து வைத்தாள். இடது கை. மறுபடி வலது.
இயந்திரம் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி கத்தியது.
"என்ன வேலை செய்றீங்க?"
"மிளகாய் காயவைக்கிறேன்."
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
படிவத்தில் அந்தப் பெண் எழுதினாள்: ரேகை இல்லை.

வசந்தத்தில் டாக்டர் ஃபூ வந்தாள், சின்ன வயசு.
நாடி பிடிக்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை,
பரணை அண்ணாந்து பார்த்தாள்.
ஒரு சரம் மிளகாயைக் கழற்றி
பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி ஒட்டினாள்,
கொலை நடந்த வீட்டிலிருந்து
கத்தியை எடுத்துப் போகிறவர்களைப் போல.
பிறகு என்னைக் கேட்டாள்:
"கரி எங்கேருந்து?"

எலிப் பாஷாணம் தெரியுமில்லையா, அதேதான் என்றாள்
அடுத்த முறை வந்தபோது.
கரியில் இருந்தது. புகையில் ஏறியது.
மிளகாயில் உட்கார்ந்து
சோற்றுக்கு இறங்கியது.
மருந்து? என்றேன்.
இனிமேல் சாப்பிடாமல் இருப்பது என்றாள்.

நானும் அதே சட்டியில்தான் சாப்பிட்டேன்.
என் கையில் நாலு புள்ளி, அவ்வளவுதான்.
அடுப்படியில் அவள் எத்தனை நேரம், நான் எத்தனை நேரம்,
கணக்குப் போட்டால் வரும்.
போடவில்லை.

ஆணி என்ற சொல் ராத்திரியில் விழித்துக்கொள்கிறது.
ஆணி தானாக இறங்காது,
யாராவது அடிக்க வேண்டும்.
ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன்,
நான்தானே தோண்டினேன் என்று.
"கூடை பிடிச்சது யாரு?" என்று கேட்டுவிட்டு
திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குழியில் சிமெண்ட் ஊற்றிவிட்டார்கள்.
புகைபோக்கி வைத்த இரும்படுப்பு ஒன்று கொடுத்தார்கள்.
சுண்டுவிரல் ஓரம் ஆறாத புண்ணிலிருந்து
துணுக்கு வெட்டி அனுப்பியிருக்கிறார்கள்.
தாள் இன்னும் வரவில்லை.

நேற்று சந்தையில் வெயிலில் காய்ந்த மிளகாய் அரைக் கிலோ,
எந்த ஊர் வெயிலோ.
எண்ணெயில் வறுத்து, இடித்து, நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.
"புகை இல்லை" என்றாள்.

எனக்கும் அதுதான் தோன்றியது.
வாயில் எச்சில்கூட ஊறியது, அந்தப் பழைய ருசிக்கு.

உப்புக் கொஞ்சம் போடு என்றேன்.